நாட்டார் இசைக்கும் ஆடலுக்கும் ஒரு சிறப்பு நூலகம்

நூலகமென்பது நூல்களின் இருப்பிடம் என்பர். நாட்டார் பாடலும் ஆடலுமோ நூலிற் பிறந்தவையல்ல. நாவிலும் காலிலும் வாழ்பவை. கண்டி–மாத்தளை வீதியிலுள்ள அலவத்துகொட போன்றதோர் ஊரில் அவற்றுக்கெனச் சிறப்பு நூலகம் அமைக்க முயல்வோர், புத்தகங்களை வாங்கிக் குவிக்குமுன் பகுப்புமுறையைச் சிந்தித்தல் வேண்டும்.

மலையகத் தோட்டங்களில் மாசி, பங்குனி மாதங்களில் நிகழும் காமன் கூத்தை எடுத்துக்கொள்வோம். பொதுநூலகங்கள் கைக்கொள்ளும் டூயியின் தசமப் பகுப்பின்படி அதன் இசை 780களிலும், ஆடல் 793இலும், கதையும் வழக்காறும் 398இலும் சென்றமரும். ரதியும் மன்மதனும் ஒரு தட்டில், அவர்களை ஆட்டுவிக்கும் தப்பு வேறொரு தட்டில்! ஆகவே சிறப்பு நூலகம் நிகழ்ச்சியையே அலகாகக் கொண்டு, பாட்டு, தாளம், ஆட்டமுறை, ஒப்பனை, படம் யாவற்றையும் ஓரெண்ணின்கீழ் இணைத்தல் தகும்.

நாட்டார் பாடல்களுக்கு ஆசிரியர் பெயரில்லை, பெரும்பாலும் தலைப்புமில்லை. முதலடியைக் கொண்டு அட்டவணை செய்யலாமெனின், தாலாட்டுகள் பலவும் ‘ஆராரோ’ என்றே தொடங்கும். அட்டைகளெல்லாம் ஒரே பெட்டியிற் குவியும். 1930இல் இலண்டனில் திறக்கப்பெற்ற செசில் ஷார்ப் இல்லத்திலுள்ள வோன் வில்லியம்ஸ் நினைவு நூலகம் இவ்விடர்க்கு ஒரு வழி காட்டுகிறது. ஸ்டீவ் ரவுட் என்னும் நூலகர் 1970 அளவில் தொடங்கி, இப்போது அந்நூலகம் பேணிவரும் அட்டவணையில், சொல்லும் முதலடியும் வேறுபடினும் ஒரே பாடலின் வடிவங்கள் யாவும் ஓரெண் பெறும். ஏறத்தாழ 25,000 பாடல்கள் இவ்வாறு எண்ணிடப்பட்டுள்ளன. எனினும் தமிழ்த் தாலாட்டிற் கண்ணிகள் பாட்டுக்குப் பாட்டு இடம்பெயர்வன. ஆதலின் கண்ணிதோறும் எண்ணிடுதலே நமக்குப் பொருந்துமெனத் தோன்றுகிறது.

சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டி நூலாக்கியமையாற் பல பாடல்களின் சொற்கள் பிழைத்தன. மெட்டை எழுத்துத் தாங்காது. பாடுவோர் குரலே வேண்டும். ஒவ்வோர் ஒலிப்பதிவுடனும் பாடியவர் யார், எத்தோட்டத்தவர், எவரிடம் கற்றார், எச்சந்தர்ப்பத்திற் பாடுவது, பதிந்த நாள் எது என்பன குறிக்கப்படுதல் இன்றியமையாதது. குறிப்பற்ற ஒலிநாடா ஆய்வாளனுக்கு ஊமையே. ஒப்பாரியாயின், குடும்பத்தாரின் இசைவின்றிப் பிறர் கேட்க வைத்தலாகாது.

இனி, பிரதி பற்றிய கருத்தொன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் உடனழிந்தன. ஆதலால் ஒவ்வொரு பதிவுக்கும் வேறோர் ஊரில் ஒரு படியும், பாடியவர் கையில் ஒரு படியும் இருத்தல் வேண்டும்.