அம்பாங் பெச்சாவில் முதலில் இறங்குங்கள்

கோல குபு பாருவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் நேராக டவுனுக்குள் போய்விடாதீர்கள். அதற்கு முன்னால் அம்பாங் பெச்சாவில் வண்டியை நிறுத்துங்கள். எனக்கு இதைச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் எங்கள் வேனில் பின்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். அவரைப் பேச விடாதது நான்தான்.

போன வருடம் பள்ளி விடுமுறையில் செரண்டாவிலிருந்து பதினோரு பேர் கிளம்பினோம். மச்சானுக்கு மலாக்காதான் வேண்டும். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர், பிள்ளைகளுக்குப் பொழுது போகும், கோல குபுவில் என்ன இருக்கிறது என்று கடைசி நிமிடம் வரை கேட்டுக்கொண்டே இருந்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்காக இன்றும் வருத்தப்படவில்லை. மலாக்காவைப் பார்க்க உலகமே வருகிறது. நம் பாட்டன் கல் உடைத்துப் போட்ட சடக்கை நாம் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்?

மற்ற ஏற்பாடெல்லாம் சுலபம். காலையில் வீட்டிலேயே பசியாறிவிட்டு ஏழரைக்குள் கிளம்புங்கள். பத்தாங்காலி, ராசா தாண்டினால் ஊர் வந்துவிடும். கொமுட்டர் ரயிலில் போனால் நிலையம் டவுனைவிட்டுத் தள்ளி இருக்கிறது, அங்கிருந்து வண்டி பிடிக்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் மழையை எதிர்பாருங்கள்.

நாங்கள் ஒரு வழிகாட்டியை அமர்த்தியிருந்தோம். விஷயம் தெரிந்தவர்தான். நியூசிலாந்தில் பிறந்து, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு தோட்டப் புறநகரை வரைந்து, 1921-இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் நகரத் திட்ட அதிகாரியாக வந்த சார்ல்ஸ் ரீட்தான் இந்த ஊருக்கும் கோடு போட்டவர் என்றார். கடைத்தெரு ஒரு பக்கம், அரசாங்க அலுவலகங்கள் ஒரு பக்கம், வீடுகள் தனியாக, நடுவில் பச்சை வெளி. 1930 வாக்கில் எழும்பிய கடைவீடுகளுக்கு இப்போது புதுச்சாயம் பூசியிருக்கிறார்கள். பழைய மளிகைக்கடை போல இருந்த இடத்தில் கோப்பிக் கடை. அஞ்சடியில் நிழல் பார்த்து நடந்தோம், பிள்ளைகள் படம் எடுத்தார்கள். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது.

அங்கேதான் பின்சீட்டில் வந்த என் பெரியம்மா வாய் திறந்தார். எண்பத்து நான்கு வயது, முழங்கால் வலி, ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இது புதுசு. பழசு அங்கிட்டு மண்ணுக்குள்ள. எங்கம்மாவோட அம்மி அங்கதான் கெடக்கு."

"இருங்க பெரியம்மா, அவரு சொல்லி முடிக்கட்டும்" என்றேன். வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்குக் கூச்சமாகிவிட்டது. என் வாழ்க்கையில் திரும்ப வாங்க முடிகிற ஒரு வாக்கியம் உண்டென்றால் அதை வாங்கிக்கொள்வேன்.

பெரியம்மா சொல்ல வந்தது இந்த ஊரின் ஆதிக்கதை. அம்பாங் பெச்சா என்றால் உடைந்த அணை. பழைய கோல குபு அங்கேதான் இருந்தது. ஈயம் எடுப்பதற்காகக் கட்டிய அணை 1883-இல் உடைந்து ஊரையே அடித்துக்கொண்டு போனது. பிரிட்டிஷ் அதிகாரி செசில் ரேங்கிங்கும் அதில் செத்தார். அவர் வெள்ளை முதலையைச் சுட்ட பாவம் என்று ஊர்க்கதை உண்டு. அதோடு தீரவில்லை. மேலே ஈயச் சுரங்கங்களிலிருந்து கழுவி விட்ட மண் ஆற்றில் சேர்ந்து படுகை உயர்ந்துகொண்டே வந்தது. 1926 பெருவெள்ளத்துக்குப் பிறகு, கரையை உயர்த்திப் பயனில்லை, ஊரையே மேட்டுக்கு மாற்றுவோம் என்று முடிவெடுத்தார்கள். டவுனில் நாம் ரசிக்கிற அந்த ஒழுங்கெல்லாம் தண்ணீருக்குப் பயந்து வந்தது. பழைய ஊரைப் பார்க்காமல் புதிய ஊருக்குள் போனால் அது வெறும் சாயம் பூசிய சுவர்.

என் பாட்டி அந்தப் பழைய ஊரில் சடக்கு வேலைக்காரர் லயத்தில் இருந்தவர். வெள்ளம் வந்த ராத்திரி குழவியை மட்டும் எப்படியோ தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் லயத்துக்குள் மண். இவ்வளவும் எனக்குத் தெரியும், அம்மா சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் தெரிந்தவர் பெரியம்மா ஒருவர்தான்: லயம் ஆற்றுக்கு எந்தப் பக்கம், பக்கத்து வீட்டில் யார், யார் போனார்கள், யார் மிஞ்சினார்கள்.

மூன்று மணிக்குத்தான் அம்பாங் பெச்சாவில் வேனை நிறுத்தினோம். காலையில் வந்த வழிதான், பார்க்காமல் கடந்து போயிருந்தோம். மழை கொட்டியது. பெரியம்மாவால் இறங்க முடியவில்லை. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு நாள் வருவோம்" என்றேன். இரண்டு மாதத்தில் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது.

அதனால் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மா இருப்பார். அவரை முன்சீட்டில் உட்கார வையுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கைப்பேசியை அவர் பக்கத்தில் வைத்துப் பேச விட்டுப் பதிவு செய்யுங்கள். எங்கே நிறுத்துவது, எதை முதலில் பார்ப்பது என்று அவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வழிகாட்டி அதற்கப்புறம் போதும், வயதானவர் குறுக்கே பேசினால் கடிகாரம் பார்க்கிறவர் வேண்டவே வேண்டாம். குறை அவர்மேல் இல்லை, காசு கொடுத்த உன்மேல்தான் என்கிறார் மச்சான். இருக்கட்டும். அன்றைக்கு மலாக்கா போயிருந்தால் அந்த அம்மிப் பேச்சும் என் காதில் விழுந்திருக்காது.

போன மாதம் பெரியம்மாவைத் திரும்பக் கூட்டிப் போனேன். காலை எட்டு மணி, மழை இல்லை. அம்பாங் பெச்சாவில் வேன் கதவைத் திறந்து வைத்தேன். ஆறு எந்தப் பக்கம், லயம் எங்கே என்று கேட்டேன். இடது கையைத் தட்டையாக நெஞ்சுக்கு நேரே உயர்த்திக் காட்டினார். மண் அந்த உயரத்துக்கு நின்றதா, பாட்டி அந்த உயரத் தண்ணீரில் நடந்து வந்தாரா, தெரியவில்லை. இரண்டு மூன்று தரம் கேட்டேன், அதே கையைத்தான் உயர்த்தினார்.

குழவி இப்போது என் சமையலறையில், அடுப்புத் திண்ணையின் ஓரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் தேய்ந்து சாய்ந்திருக்கிறது.