டீவி கேம் பெட்டிக்கு இன்டர்நெட்: குறைந்த செலவில் செய்வது எப்படி?



சென்ற மாதம் நாம் ஒரு லயத்துக்குப் போயிருந்தபோது, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு அம்மா எம்மை நிறுத்திக் கேட்டார்: "ஐயா, கொழும்புல வேலை செய்ற மூத்தவன் தம்பிக்கு ஒரு கேம் பெட்டி கொண்டாந்து குடுத்திருக்கான். பழசுதான். இப்ப அதுக்கு இன்டர்நெட் வேணுமாம். ரவுட்டர் ஒண்ணு தவணைக்கு எடுக்கச் சொல்லி ஒரே அழுகை. எடுக்கலாமா?"

அந்த வீட்டில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளும் இருக்கிறாள். நல்ல போன் ஒன்றே ஒன்றுதான். "எடுக்காதீங்க" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு நாம் நடந்திருக்கலாம். ஆனால் கினிகத்தேனைப் பக்கத்தில் இப்படியான பெட்டிகள் இன்று பல வீடுகளுக்கு வந்துவிட்டன. எனவே கணக்கோடு பதில் சொல்வதே முறை என்று எண்ணி இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

1. இன்டர்நெட் எதற்கு?

கேம் பெட்டி என்பது டீவியோடு பொருத்தி விளையாடும் ஒரு சிறு கம்பியூட்டர். பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் என்பவை பெயர் பெற்றவை. இதற்குள் இன்டர்நெட் வந்தது நேற்று இன்று அல்ல. 1998ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த செகா டிரீம்காஸ்ட் பெட்டிக்குள்ளேயே டெலிபோன் லைனில் பொருத்தும் மோடம் இருந்தது. அப்போது நம் தோட்டங்களில் டெலிபோன் என்றால் துரை பங்களாவும் ஆபீசும்தான்.

பெட்டிக்கு இன்டர்நெட் மூன்று காரியங்களுக்குத் தேவைப்படும். ஒன்று, வேறு ஊரில் உள்ளவர்களோடு சேர்ந்து விளையாட. இரண்டு, புதிய விளையாட்டை இறக்க. மூன்று, பழைய விளையாட்டைப் புதுப்பிக்க. இந்த மூன்றும் ஒரே அளவு டேட்டா தின்பதில்லை. இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

2. டேட்டா எங்கே போகிறது?

சேர்ந்து விளையாடும்போது பெட்டி படத்தை இன்டர்நெட்டில் இழுப்பதில்லை. "இவன் இங்கே ஓடினான், அவன் அங்கே சுட்டான்" என்ற சிறு செய்திகள் மட்டுமே போய் வரும். ஆகவே பெரும்பாலான விளையாட்டுகளுக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 50 முதல் 150 எம்பி போதும். நாளுக்கு ஒரு மணித்தியாலம், 100 எம்பி என்று வைத்தால் மாதம் 3 ஜிபி. யூடியூபில் தெளிவான படம் இரண்டு மணித்தியாலம் பார்த்தாலே இந்த 3 ஜிபி போய்விடக்கூடும்.

ஆனால் விளையாட்டை இறக்குவது வேறு கதை. ஒரு பெரிய விளையாட்டு 40 ஜிபி இருக்கும். 100 ஜிபியைத் தாண்டுவதும் உண்டு. படம் தெரியும் சூம் வகுப்பு ஒன்றுக்கு மணித்தியாலத்துக்கு ஒரு ஜிபி வரை செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 40 ஜிபி விளையாட்டு ஒன்று, அக்காவின் 40 மணித்தியால வகுப்பை விழுங்கிவிடும். அதுவும் பெட்டி தானாகவே, எல்லாரும் தூங்கும்போது இறக்கிவிடும்! காலையில் போனைப் பார்த்தால் டேட்டா காலி.

ஆகவே பெட்டியை இணைத்த அன்றே செய்ய வேண்டிய முதல் வேலை, அதன் செட்டிங்ஸ் பகுதியில் "ஆட்டோமேட்டிக் டவுன்லோட்" என்பதை நிறுத்தி வைப்பது. பிறகு தேவையானதை மட்டும் நாமே இறக்கலாம்.

3. இணைக்கும் வழிகள் (செலவு குறைந்தது முதலில்)

(அ) போன் ஹொட்ஸ்பொட். புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. போனில் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு, பெட்டியின் நெட்வேர்க் பகுதியில் அந்தப் பெயரைத் தெரிவுசெய்து பாஸ்வேர்ட் அடித்தால் போதும். பலர் இங்கேதான் ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள். 2013இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4, 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். புதிய போன் 5 கிகாஹேர்ட்ஸில் ஹொட்ஸ்பொட் போட்டால் பெட்டிக்கு அது தெரியவே தெரியாது. "பெட்டி பழுது" என்று கடைக்குத் தூக்கிப் போகாதீர்கள். போனின் ஹொட்ஸ்பொட் செட்டிங்கில் 2.4 என்று மாற்றிப் பாருங்கள். சில போன்களில் ஹொட்ஸ்பொட்டுக்கு இவ்வளவு டேட்டாதான் என்று எல்லை போடவும் முடியும். அதைக் கட்டாயம் போடுங்கள்.

(ஆ) லெப்டொப் வழியாக. மிகப் பழைய பெட்டிகள் சிலவற்றில் வைஃபை இல்லை. 2005இல் வந்த எக்ஸ்பொக்ஸ் 360 அப்படிப்பட்டது. அதற்காகத் தனி வைஃபை கருவி தேடி அலைய வேண்டாம். வீட்டில் லெப்டொப் இருந்தால், போன் இன்டர்நெட்டை லெப்டொப்புக்கு எடுத்து, அங்கிருந்து ஒரு லேன் கேபிள் மூலம் பெட்டிக்குக் கொடுக்கலாம். விண்டோஸில் "இன்டர்நெட் கனெக்ஷன் ஷெயாரிங்" என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. செலவு ஒரு கேபிள் மட்டும். லெப்டொப் வைத்திருப்பவர்கள் டொங்கிளையும் இப்படிப் பயன்படுத்தலாம். டொங்கிளை நேரே பிளேஸ்டேஷனில் சொருகினால் வேலை செய்யாது.

(இ) 4ஜி ரவுட்டர். சிம் போட்டு வீட்டில் வைக்கும் பெட்டி. வீட்டில் பலர் பாவிப்பதானால் இது நல்லது. ஆனால் வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். அதே கம்பனி சிம் உள்ள போனை உங்கள் வீட்டு ஜன்னலோரம் வைத்து, காலை, மாலை, இரவு என மூன்று நேரமும் வேகத்தைப் பாருங்கள். மேட்டு லயத்தில் நன்றாக இழுக்கும் சிக்னல் பள்ளத்து லயத்தில் செத்துக் கிடக்கும். 2021இல் பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் பாடம் படிக்க மலையேறிப் போனதும் சிக்னலைத் தேடித்தான். எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சோதிக்காமலே தவணைக்கு ரவுட்டர் எடுத்தது. கல் சுவருக்குள் சிக்னல் வரவில்லை. தவணை மட்டும் மாதாமாதம் வந்தது. பழைய ரவுட்டர் வாங்குவோரும் கவனிக்கவும்: சில ரவுட்டர்கள் ஒரே கம்பனி சிம்முக்குப் பூட்டப்பட்டவை. அடுத்தவர் அடையாள அட்டையில் எடுத்த சிம்மையும் வாங்காதீர்கள்.

(ஈ) ஃபைபர் கேபிள். விளையாட்டுக்கு இதுவே சிறந்தது. ஆனால் உங்கள் லயத்துக்குப் பக்கம் லைன் வந்திருக்க வேண்டும். மாதக் கட்டணமும் தவறாமல் கட்ட வேண்டும். விளையாட்டுக்காக மட்டும் எடுப்பது நட்டம். பிள்ளைகள் படிப்பு, வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் சேர்த்து யோசித்தால்தான் கட்டுப்படியாகும்.

(உ) செய்மதி இன்டர்நெட். ஸ்டார்லிங்க் சேவை 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்தது. எந்த மலை மடிப்பிலும் வானம் தெரிந்தால் வேலை செய்யும். ஆனால் ஒரு தொழிலாளர் வீட்டுக்கு இது எட்டாத விலை.

4. பெரிய விளையாட்டை இறக்குவது எப்படி?

செக்கனுக்கு 8 மெகாபிட் வேகம் உள்ள இடத்தில் 40 ஜிபி இறக்க 11 மணித்தியாலம் எடுக்கும். அதைப் போன் டேட்டாவில் செய்வது காசை ஆற்றில் விடுவது போல. அதற்குப் பதில் மூன்று வழிகள் உண்டு.

டிஸ்க் போடும் பெட்டியானால் பழைய டிஸ்க் வாங்குங்கள். பெரும்பாலான பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளை டிஸ்க்கிலிருந்தே ஏற்றி, இன்டர்நெட் இல்லாமல் தனியாக விளையாடலாம். அல்லது, ஹட்டனிலோ கொழும்பிலோ ஃபைபர் உள்ள உறவினர் வீட்டுக்குப் போகும்போது பெட்டியையே பையில் எடுத்துப் போய் அங்கே இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவர்கள் லைனுக்கும் அளவு இருக்கலாம். மூன்றாவது, நள்ளிரவுக்குப் பிறகு தனியாக டேட்டா தரும் பெக்கேஜ் உங்கள் சிம்முக்கு உண்டா என்று கேளுங்கள். பேஸ்புக், வட்ஸ்அப்புக்கு என்று விற்கும் மலிவு பெக்கேஜ் விளையாட்டுக்கு உதவாது. ரீலோட் பண்ணுமுன் விபரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு மறைந்த செலவும் உண்டு. பிளேஸ்டேஷன் 4இல் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகள் பலவற்றைப் பிறரோடு சேர்ந்து விளையாட, பிளேஸ்டேஷன் பிளஸ் என்ற சந்தா வேண்டும். ஃபோர்ட்நைட் போன்ற இலவச விளையாட்டுகளுக்கு அந்தச் சந்தா தேவையில்லை. எப்படியானாலும் வங்கி அட்டை இலக்கத்தைப் பிள்ளையின் கேம் கணக்கில் பதிந்து வைக்காதீர்கள்.

5. இடி மின்னல்

நம் பகுதி மழைக்குப் பேர் போனது. ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர இடியும் சேர்ந்துகொள்ளும். இடி கேட்டவுடன் பெட்டி, டீவி, ரவுட்டர் எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றுங்கள். சுவிச்சை மட்டும் அணைத்தால் போதாது. பக்கத்து வீட்டு ரவுட்டரிலிருந்து கூரை மேலாக லேன் கேபிள் இழுப்பது சில இடங்களில் நடக்கிறது. அந்தச் செப்புக் கம்பி வழியே மின்னல் இரண்டு வீட்டுக்கும் வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

6. வீட்டுக்குள் ஒரு ஒப்பந்தம்

அந்த அம்மாவின் வீட்டில் நாம் மகனையும் மகளையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினோம். மாதம் 3 ஜிபி தம்பிக்கு; ஹொட்ஸ்பொட்டில் எல்லை போட்டாயிற்று. வகுப்பு உள்ள நேரத்தில் போன் அக்காவுக்கு. பரீட்சை முடியும்வரை இறக்குவது எதுவும் இல்லை. முன்பின் தெரியாதவரோடு விளையாடும்போது பெயர், பாடசாலை, போன் நம்பர் சொல்வதில்லை. தம்பி கொஞ்சம் முகத்தைச் சுளித்தான். அக்காதான், "சரி, ஞாயித்துக்கிழம ஒரு மணித்தியாலம் கூட எடுத்துக்க" என்று விட்டுக்கொடுத்தாள். ரவுட்டர் எடுக்கவில்லை. தவணையும் இல்லை.

சகோதரர்களே, பிள்ளை விளையாடுவது குற்றமில்லை. நாமும் கிட்டிப்புள் அடித்தே வளர்ந்தோம். ஆனால் ரவுட்டர் தவணை கட்டுவதும் மலையில் போடும் பேரிலிருந்துதான். ஆகவே முதலில் கையில் உள்ள போனைக் கொண்டு தொடங்குங்கள். ஒரு மாதக் கணக்கைப் பாருங்கள். அதன் பிறகு வாங்குவதா இல்லையா என்று முடிவெடுங்கள்.

வீட்டுப் பயிற்சி

1. உங்கள் போனில் சென்ற மாதம் செலவான டேட்டா எவ்வளவு? செட்டிங்ஸில் பார்த்து எழுதுங்கள்.
2. அதில் படிப்புக்குப் போனது எவ்வளவு, மற்றதற்குப் போனது எவ்வளவு?
3. உங்கள் பிள்ளை கேட்கும் விளையாட்டு எத்தனை ஜிபி? அது எத்தனை வகுப்புக்குச் சமம்?

இந்த மூன்றுக்கும் பிள்ளைகளையே பதில் எழுதச் சொல்லுங்கள். கணக்கைத் தன் கையால் போட்ட பிள்ளைக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டியிராது.