பட்டுத்திரைச் சித்திரம்

ஓவியன் தீட்டிய படம் ஒன்றே. அதனைத் தன் இல்லத்தில் வைத்து மகிழ்பவனும் ஒருவனே. ஏனையோர் அதனை எங்ஙனம் பெறுவது? இவ்வினாவிற்கு விடை கண்ட கலைகளுள் ஒன்று பட்டுத்திரை அச்சு. அதன் இயல்பினை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மரச்சட்டம் ஒன்றில் மெல்லிய பட்டுத்துணியை முரசின் தோல்போல் இறுக விரித்துக் கட்டுவர். இக்காலத்துப் பட்டினிடத்தைப் பாலியெஸ்டர் துணி பெற்றுள்ளது. நிறம் படவேண்டாத இடங்களிலுள்ள நுண்துளைகளைப் பசை முதலியவற்றால் அடைப்பர். பின்னர்ச் சட்டத்தைத் தாளின்மீது வைத்து, ஒரு புறத்தே மையை வார்த்து, ரப்பர் விளிம்புடைய பலகையால் மறுபுறம்வரை அழுத்தி இழுப்பர். அடைபடாத துளைகளின் வழியே மட்டும் மை இறங்கித் தாளிற் படியும்.

நிறம் ஒன்றிற்குத் திரை ஒன்று வேண்டும். ஐந்து நிறமாயின், ஒவ்வொரு தாளும் ஐந்து முறை திரையின்கீழ்ச் சென்று, ஒவ்வொரு முறையும் உலர்தல் வேண்டும். தாள் மயிரிழை விலகினும் இரு நிறங்களுக்கிடையே வெண்கோடு தோன்றிப் படத்தைக் கெடுக்கும். மஞ்சள் மையின்மீது ஒளி ஊடுருவும் நீல மை படியின் பசுமை பிறக்கும். இங்ஙனம் இரு திரைகளால் மூன்று நிறம் பெறுதல் கைவல்லோர் திறம்.

மான்செஸ்டரைச் சார்ந்த சாமுவேல் சைமன் 1907-ஆம் ஆண்டில் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் நெடுநாள் இது பெரும்பாலும் வணிக விளம்பரங்களுக்கே பயன்பட்டது. பொருளாதார நெருக்கடியால் அமெரிக்க ஓவியர் பலர் பிழைப்பின்றி வாடிய காலத்து, அந்நாட்டரசு 1935-இல் கலைத்திட்டமொன்றை நிறுவி அவர்கட்கு ஊதியம் அளித்தது. அதன் நியூயார்க் பிரிவினர் சுவரொட்டிகளைக் கையால் ஒவ்வொன்றாகத் தீட்டி வந்தனர். அந்தோணி வெலோனிஸ் அங்குப் பட்டுத்திரை முறையைப் புகுத்தினார். உடல்நலம், நூல் வாசிப்பு, நாடகம் ஆகியவற்றைப் பற்றிய வண்ணப் படங்கள் தெருவெங்கும் விளங்கின. அத்திட்டத்தின் சுவரொட்டிகளுள் 900-க்கு மேற்பட்டவை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இன்றும் உள்ளன. பின்னாளில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரக் கல்லூரியொன்றில் கற்பித்த கன்னித்துறவி கொரிட்டா கென்ட் (1918–1986), எளியோரும் வாங்கத்தக்க விலையில் தம் படங்களை அச்சிட்டு வழங்கினார்.

பலவாய்ப் பெருகிய படம் கலையாகுமோ எனச் சிலர் ஐயுறுவர். ஓவியன் தானே திரை அமைத்து, நிறந்தேர்ந்து இழுத்த தாள்களுள் மூலம் இது, நகல் இது எனப் பிரித்தற்கு இடமில்லை, ஒவ்வொன்றும் மூலமே. ஒரு விளக்கினால் பல விளக்கேற்றினும் முதல் விளக்கின் ஒளி குன்றுவதில்லை. செல்வர் மாளிகைச் சுவரில் தொங்கும் அழகு ஏழையின் குடிலையும் அடைதல் வேண்டுமெனின், அதற்கு வழி செய்யும் இக்கைத்தொழிலை நாம் இழிவென எண்ணுதல் தகாது.