ஓதத் தொடங்கியதை விட்டுவிடாமல் இருக்க...

ஷவ்வால் பிறை தெரிந்ததும் நம் வீடுகளில் எத்தனையோ நல்ல நிய்யத்துகள் பிறக்கின்றன. தராவீஹில் ஹாபிழ் அவர்களின் பின்னால் நின்று திருக்குர்ஆன் முழுவதையும் கேட்ட உள்ளம் கனிந்திருக்கும். "அடுத்த ரமளானுக்குள் அம்ம ஜுஸ்வையாவது மனனம் செய்துவிட வேண்டும்" என்று ஆண்களும் பெண்களும் உறுதி கொள்கிறார்கள். முதல் வாரத்தில் நாளொன்றுக்குப் பத்து ஆயத்துகள் ஓடும். துல்கஃதாவில் வாரத்துக்கு இரண்டு நாள் என்றாகும். ஹஜ்ஜுப் பெருநாள் அலுவல்களோடு அது நின்றே போகும். அடுத்த ரமளானில் பழைய நிய்யத்தே புதிதாகப் பிறக்கும்.

இதற்கு ஈமானின் குறைவே காரணம் என்று பலர் தம்மைத் தாமே நொந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் அது காரணமன்று. கணக்கில்தான் பிழை இருக்கிறது.

அம்ம ஜுஸ்வில் 37 சூராக்கள்; மொத்தம் 564 ஆயத்துகள். நாளொன்றுக்கு மூன்று ஆயத்து வீதம் ஓதினால் 188 நாட்களில், அதாவது ஆறு மாதத்துக்குச் சற்று மேலாக, அது நிறைவேறிவிடும். மூன்று ஆயத்து கடைக்காரருக்கும் முடியும், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கும் முடியும். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 'அம்ம யதஸாஅலூன்' என்று முன்பக்கத்திலிருந்து தொடங்கினால் 37 நாட்களில் இரண்டு சூராக்கள் முடிந்து மூன்றாவதில் நின்றுகொண்டிருப்போம். 'நாஸ்' சூராவிலிருந்து மேல்நோக்கிப் போனாலோ அதே 37 நாட்களில், அதே 111 ஆயத்துகளில், 'கத்ர்' சூரா வரை 18 சூராக்கள் நெஞ்சில் இறங்கியிருக்கும். உழைப்பு ஒன்றுதான், மனத்துக்குக் கிடைக்கும் தெம்போ வேறு. நம் மதரஸாக்களில் பிள்ளைகளுக்குக் கடைசியிலிருந்து சொல்லிக் கொடுப்பதன் அருமை இப்போது விளங்குகிறதல்லவா?

முழுக் குர்ஆனையும் மனனம் செய்ய நாடுவோரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பக்கத்துக்கு 15 வரி கொண்ட மதீனா பதிப்பில் 604 பக்கங்கள். நாளொன்றுக்கு ஐந்து வரி என்றால் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். "ஐந்து ஆண்டா!" என்று மலைக்க வேண்டாம். திருமறை இறங்கி முடியவே ஏறத்தாழ 23 ஆண்டுகள் ஆயின. ஏன் இது ஒரேயடியாக இறக்கப்படவில்லை என்று மறுத்தோர் கேட்டபோது, நபியவர்களின் உள்ளத்தை உறுதிப்படுத்தவே என்று 'ஃபுர்கான்' சூராவின் 32-ஆம் ஆயத்தில் அல்லாஹ் தஆலா காரணம் சொல்கிறான்.

அளவு மீறிய ஆர்வத்தைக் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பதைப் பாருங்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வாலிபர். நாள்தோறும் நோன்பு, இரவுதோறும் குர்ஆன் முழுவதும் என்று இருந்தார்கள். மாதம் ஒருமுறை ஓதி முடித்தால் போதும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். "இதைவிட அதிகம் என்னால் முடியும்" என்று அவர் மன்றாடினார். படிப்படியாக ஏழு இரவுக்கு ஒருமுறை என்பதில் நிறுத்தினார்கள். முதுமை வந்து உடல் தளர்ந்தபோது, அன்று கொடுக்கப்பட்ட சலுகையை ஏற்றிருக்கக் கூடாதா என்று அவர் ஏங்கினார். ஆனால் அவர் விட்டுவிடவில்லை. இரவில் ஓத வேண்டிய பகுதியைப் பகலிலேயே தம் வீட்டாரில் ஒருவரிடம் ஓதிக் காட்டி, இரவின் சுமையை இலேசாக்கிக் கொண்டார். இந்தச் செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. ஓதிக் காட்ட வீட்டிலேயே ஓர் ஆள் இருந்ததைக் கவனியுங்கள். கணவன் ஓத மனைவி முஸ்ஹஃபைப் பார்த்துக் கேட்கலாம். உம்மா ஓத மகள் கேட்கலாம். கேட்க ஆள் இருக்கும் பாடம் சுலபத்தில் நிற்பதில்லை. அதே வாலிபரிடம்தான், இரவுத் தொழுகையைத் தொழுதுவந்து பின்பு விட்டுவிட்ட இன்னாரைப் போல் ஆகிவிடாதீர் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள்.

புதிய பாடத்தில் காட்டும் ஆசையைப் பழைய பாடத்தில் காட்டாததும் சோர்வுக்கு ஒரு காரணம். ஓதியது மறந்துபோகும், மறந்ததைக் கண்டு மனம் உடையும். குர்ஆனை மனனம் செய்தவரைக் கட்டிப்போட்ட ஒட்டகத்தின் சொந்தக்காரருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் ஒப்பிட்டார்கள். கவனித்து வந்தால் நிற்கும், அவிழ்த்துவிட்டால் போய்விடும். அவர்களே ஒவ்வொரு ரமளானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்களுடன் ஓதிப் பார்த்தார்கள். இறுதி ஆண்டில் இருமுறை ஓதிப் பார்த்தார்கள். ஆகவே வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும், புதிதாக ஒன்றும் ஓதாமல் பழையதை மட்டும் புரட்டுங்கள். மற்ற நாட்களில் சுன்னத்துத் தொழுகைகளில் புதிய ஆயத்துகளை ஓதுங்கள். வழக்கமான 'இக்லாஸ்', 'கவ்ஸர்' இரண்டுக்கும் சற்று ஓய்வு கிடைக்கட்டும்!

பெண்களுக்கு வேறொரு தடை இருக்கிறது. இதைப் பலர் வெளியே சொல்வதில்லை. மாதந்தோறும் சில நாட்கள் ஓத முடியாமல் போவதால் சங்கிலி அறுந்துவிடுகிறது. பேறுகாலம் வந்தாலோ நாற்பது நாட்கள் போய்விடும். அந்த நாட்களில் குர்ஆனை நாவால் ஓதுவது ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய நம் இரு மத்ஹபுகளிலும் தடுக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் நாவை அசைக்காமல் ஆயத்துகளை உள்ளத்தில் ஓடவிடுவதும், முஸ்ஹஃபைத் தொடாமல் பார்ப்பதும் கூடும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். பிறர் ஓதக் கேட்பதற்கும் தடையில்லை. இன்று கைப்பேசியிலேயே நல்ல காரிகளின் ஓதலைக் கேட்கலாம். சமையலறையில் நின்றபடி அந்த வாரத்துச் சூராவைப் பத்துமுறை கேட்டிருந்தால், குளித்துத் தூய்மையான அன்று புதிதாகத் தொடங்க வேண்டியிராது.

ஒரு நாள் தவறிவிட்டால்? இரவில் வழக்கமாக ஓதும் பகுதியை ஓதாமல் உறங்கிவிட்டவர், ஃபஜ்ருக்கும் லுஹருக்கும் இடையில் அதை ஓதினால் இரவில் ஓதியதாகவே எழுதப்படும் என்று உமர் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் வந்திருக்கிறது. நம் மூன்று ஆயத்துக்கும் இதையே வழியாகக் கொள்ளலாம். தவறியதை மறுநாள் முற்பகலில் ஓதிவிடுங்கள். ஒரு வாரமே தவறியிருந்தால், 21 ஆயத்தையும் ஒரே நாளில் ஈடுகட்ட முயல வேண்டாம். அப்படி முயன்று அத்தோடு நிறுத்தியவர்களே அதிகம். விட்ட இடத்திலிருந்து மூன்று ஆயத்து, அவ்வளவுதான்.

நாக்குத் திரும்பாத வயதில் தொடங்குவோர் வெட்கப்பட வேண்டியதில்லை. சிரமத்தோடு திக்கித் திக்கி ஓதுகிறவருக்கு இரண்டு கூலி உண்டு என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆனால் ஒன்று: தவறான உச்சரிப்பில் மனனமாகிவிட்டால் பிறகு திருத்துவது மிகக் கடினம். எனவே முதல் வாரத்தில் புதிதாக எதையும் தொடாமல், பல ஆண்டுகளாகத் தொழுகையில் ஓதிவரும் சிறிய சூராக்களையே உங்கள் பள்ளிவாசல் இமாமிடமோ, பெண்களானால் ஓதிக் கொடுக்கும் ஓர் உஸ்தாத்பீயிடமோ ஓதிக் காட்டித் திருத்திக் கொள்ளுங்கள். எட்டாம் நாள் அடுத்த சூராவுக்குப் போகலாம்.