புகார் புத்தகமும் கைப்பேசியும்

ரயிலில் போகிறோம். கழிவறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை. யாரிடம் சொல்வது?

முன்பு நிலையத்தில் இறங்கிப் புகார் புத்தகம் கேட்க வேண்டும். அதற்குள் வண்டி புறப்பட்டுவிடும். அப்படியே எழுதினாலும், அதை அலுவலகத்தார் மட்டுமே பார்ப்பார்கள்.

ரயில்வேயில் ஒவ்வொரு மண்டலத்திலும் மக்கள் தொடர்பு அதிகாரி இருக்கிறார். புது வண்டி விடுவது, நேரம் மாறுவது, விபத்து நடப்பது ஆகியவை பற்றி அவர் அறிக்கை தருவார். அதைச் செய்தித்தாளில் படிப்போம். வானொலியில் கேட்போம். அவர் சொல்வார், நாம் கேட்டுக்கொள்வோம். நாம் சொல்வதற்கு வழி குறைவு.

இணையம் வந்த பிறகு இது மாறியது. ஓடும் வண்டியிலிருந்தே பயணி எழுதுகிறார். படம் எடுத்தும் போடுகிறார். ஊரே அதைப் பார்க்கிறது. அதிகாரி உடனே பதில் சொல்லியாக வேண்டும்.

2015-இல் மகாராஷ்டிரத்தில் ஒரு பெண் ரயிலில் தனியாகப் போனார். ஓர் ஆள் அவருக்குத் தொல்லை கொடுத்தான். அப்போது சுரேஷ் பிரபு ரயில்வே அமைச்சர். அவருக்கு அந்தப் பெண் ட்விட்டரில் எழுதினார். வழியிலேயே காவலர்கள் வந்து உதவினார்கள்.

பிறகு 2018-இல் 'ரயில் மதத்' என்ற செயலி வந்தது. 'மதத்' என்றால் இந்தியில் உதவி. சாதாரணக் கைப்பேசி வைத்திருப்பவர் 139 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

பதில் வந்துவிட்டால் குழாயில் தண்ணீர் வந்துவிடுமா? மக்கள் தொடர்பு அதிகாரி குழாயைப் பழுது பார்ப்பவர் அல்ல. உரிய ஆளிடம் புகாரைச் சேர்ப்பவர்தான். 'கவனிக்கிறோம்' என்ற பதிலோடு நாம் சும்மா இருந்துவிடக் கூடாது. தண்ணீர் வராவிட்டால் மறுபடியும் கேளுங்கள்.

இன்னொன்று. எல்லாரும் பார்க்கும் இடத்தில் கைப்பேசி எண்ணையோ பயணச்சீட்டு எண்ணையோ எழுதாதீர்கள். ஏமாற்றுக்காரர்கள் அதைப் பார்த்து, அதிகாரி போலப் பேசுவார்கள். 'பணத்தைத் திருப்பித் தருகிறோம், ரகசிய எண்ணைச் சொல்லுங்கள்' என்பார்கள். சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

எழுதிப் பழகுங்கள்

ஒருவர் இப்படி எழுதினார்: "வண்டி ரொம்ப மோசம்."
இன்னொருவர் இப்படி எழுதினார்: "பெட்டி எஸ் 4. கழிவறையில் தண்ணீர் இல்லை. காலை 6 மணி முதல் இப்படி."

எந்தப் புகாரை அதிகாரியால் உடனே கவனிக்க முடியும்? இரண்டாவது புகாரிலும் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அது வண்டி எண். அதையும் சேர்த்து உங்கள் நோட்டில் எழுதுங்கள்.