தேய்க்காதே தம்பி, கரைய விடு

அன்புள்ள தம்பிக்கு,

சரவணம்பட்டியில் கடை போட்ட முதல் மாதமே, ஸ்மார்ட்வாட்ச் கண்ணாடியில் வெள்ளை வட்டங்கள் விழுந்திருக்கின்றன, எடுத்துத் தரமுடியுமா என்று ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள் என எழுதியிருந்தாய். பற்பசை வைத்துத் தேய்க்கலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். அது தெரிந்துவிட்டால் நாளைக்கு வேறு விதமான கறை வந்தாலும் நீயே முடிவெடுத்துக்கொள்வாய்.

உன் வாடிக்கையாளர்களில் பலர் புதுக் குடியிருப்புகளில் இருப்பவர்கள். அங்கே குளிக்கக் கிடைப்பது போர் தண்ணீர். சிறுவாணி மலையிலிருந்து வரும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. போர் தண்ணீரோ நம் பக்கத்துச் சுக்கான் மண்ணிலும் பாறை இடுக்கிலும் ஊறி வருவது. கால்சியமும் மக்னீசியமும் அதில் கரைந்திருக்கும். குடிநீருக்கான இந்தியத் தரம் இந்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வரம்பு வைக்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை விட்டுக்கொடுக்கிறது. வாட்சைக் கழற்றாமல் குளித்துவிட்டு ஈரத்தை அப்படியே காயவிட்டால் நீரும் கரியமில வாயுவும் போய்விடும், கால்சியம் கார்பனேட் மட்டும் கண்ணாடியில் தங்கிவிடும். மதுக்கரையில் சிமென்ட்டுக்காக வெட்டி எடுத்த சுண்ணாம்புக்கல்லும் இதுவும் ஒரே பொருள். துளியின் ஓரம்தான் வேகமாகக் காயும். அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடும், கரைந்ததையும் கூடவே இழுத்துப்போகும். கறை வட்டமாக விழுவது அதனால்தான்.

வாட்ச் கைக்கு வந்ததும் துணியை எடுக்காதே, உருப்பெருக்கி லூப்பை எடு. முதலில் ஸ்கிரீன் கார்டு ஒட்டியிருக்கிறதா என்று பார். கறை அதன்மேல்தான் என்றால் கார்டை மாற்றினாலே வேலை முடிந்தது. கார்டு இல்லையென்றால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார். உப்புப் படிவு கண்ணாடிக்கு மேலே மேடாக, சொரசொரவென்று தெரியும். கீறல் என்றால் பள்ளமாக, கோடாக ஓடும். அடுத்து ஒரு சொட்டுச் சுத்தமான தண்ணீர் விடு. முத்துமாதிரி உருண்டு நின்றால் கண்ணாடியின் எண்ணெய் ஒட்டாத பூச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது. பரவிப் படர்ந்தால் அந்த இடத்தில் பூச்சு தேய்ந்துவிட்டது. இதை வாடிக்கையாளர் எதிரிலேயே செய்து காட்டு. பூச்சு போனதால் தெரியும் திட்டு எந்த மருந்துக்கும் போகாது என்பதை வேலை தொடங்கும் முன்பே அவர் கண்ணால் பார்த்துவிடுவார். பனிமூட்டம்போலக் கண்ணாடிக்கு உள்ளே தெரிந்தால் அது கறையே இல்லை, தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. உடனே வாட்சை அணைத்துப் பிரிக்கிற வேலையைப் பார்.

இப்போது பற்பசைக்கு வருகிறேன். நம் ஊர்ப் பற்பசைகள் பலவற்றில் அழுக்கைத் தேய்த்தெடுக்கப் போடுவதே கால்சியம் கார்பனேட்தான், இல்லையென்றால் சிலிக்கா. கண்ணாடிமேலுள்ள பூச்சு சில நானோமீட்டர் கனம்தான். தேய்த்தால் கறையோடு சேர்ந்து அதுவும் போகும். வாட்ச் பளபளவென்று இருக்கும், ஆள் சந்தோஷமாகப் போவார். பிறகு விரல் ரேகையெல்லாம் அப்பிக்கொள்கிறது என்று திரும்பி வருவார். சமையல் சோடாவும் அப்படித்தான். அது காரம், சுண்ணாம்பைக் கரைக்காது, சும்மா உரசும். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பது அதைவிட மோசம். பொருளின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவுகோலில் சுண்ணாம்புப் படிவு 3, சாதாரணக் கண்ணாடி ஐந்தரை வாக்கில், ரோட்டுத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் 7. துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே அந்த ஒரு மணல் போதும். நீலக்கல் கண்ணாடி 9, அது தப்பிக்கும். ஆனால் உன் மேசைக்கு வருகிற வாட்சுகளில் பெரும்பாலானவை அந்த ரகம் இல்லை.

சுண்ணாம்பு வினிகர் மாதிரிப் புளிப்புக்குத்தான் மசியும். ஆனாலும் முதலில் தண்ணீரையே முயன்று பார். வாட்சை அணைத்து, ஸ்ட்ராப்பைக் கழற்றி, நூல் உதிராத மைக்ரோஃபைபர் துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்து, கண்ணாடிமேல் கொஞ்ச நேரம் போட்டு வை. வியர்வை உப்பு இதிலேயே வந்துவிடும். ஆப்பிள்காரர்கள் தங்கள் வாட்சுக்குச் சொல்வதும் வெறும் நல்ல தண்ணீரும் மென்மையான துணியும்தான். சோப்புகூட வேண்டாம் என்கிறார்கள். அதனால் வினிகரைத் தொடும் முன் உரிமையாளரிடம் சொல்லிச் சம்மதம் வாங்கு.

சம்மதித்தால் மைக் துளை, ஸ்பீக்கர் துளை, பட்டன், சார்ஜிங் பின் எல்லாவற்றையும் கேப்டான் டேப்பால் மூடு. வெள்ளை வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. வாட்சின்மேல் ஊற்றாதே, ஸ்பிரே அடிக்காதே. துணியின் சிறு துண்டை நனைத்துப் பிழிந்து, கறை இருக்கும் இடத்தில் மட்டும் படியவை. ஒரு நிமிடம் கழித்து ஓரத்தைத் தூக்கி லூப்பில் பார்த்தால், மேடு கரைகிற இடத்தில் ஊசிமுனைக் குமிழிகள் எழும். கரியமில வாயு வெளியே வருகிறது, உன் வேலை சரியாக நடக்கிறது. அந்த நேரத்தில் விரலால் அழுத்தித் தேய்க்கத் தோன்றும். தேய்க்காதே. பாதி கரைந்த துகள்கள் துணியில்தான் இருக்கின்றன. துணியை மாற்றி, இன்னொரு முறை படியவை. கறை போனதும் டிஸ்டில்டு வாட்டர் நனைத்த வேறு துணியால் இரண்டு மூன்று முறை ஒற்றியெடு. அலுமினிய பாடியில் புளிப்பு தங்கினால் மேல்பூச்சை அரிக்கும், ஓரத்து ரப்பர் சீலுக்கும் அது ஆகாது.

எலுமிச்சம்பழத்தைப் பிழியாதே, சக்கையும் சர்க்கரையும் பிசுபிசுப்பாக ஒட்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலுக்குச் சுண்ணாம்பு மசியாது, எண்ணெய்ப் பிசுக்குக்கு மட்டும்தான் அது. மலிவு வாட்சுகள் சிலவற்றில் முகப்பு அக்ரிலிக் பிளாஸ்டிக்காக இருக்கும். அதில் ஆல்கஹால் பட்டால் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். பாத்ரூம் ஆசிட் உன் கடைக்குள்ளேயே வரக்கூடாது.

இவ்வளவு செய்தும் போகாத கறை உண்டு. போர் தண்ணீரில் சிலிக்காவும் இருக்கும், அது படிந்து இறுகினால் வினிகர் ஒன்றும் செய்யாது. சீரியம் ஆக்ஸைடு போட்டுப் பாலிஷ் செய்யலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யலாம்தான், பூச்சு முழுக்கப் போகும், வளைந்த ஓரத்தில் பிம்பம் நெளியும். நானாக இருந்தால் மெலிதாகத் தெரிகிற கறையை அப்படியே விட்டுவிட்டு, ‘இதற்குமேல் தொட்டால் கண்ணாடிக்குக் கேடு’ என்று சொல்லிக் கொடுத்துவிடுவேன். அதற்குக் காசும் வாங்கமாட்டேன்.

கொடுக்கும்போது, குளிக்கும்முன் கழற்றி வைக்கச் சொல். 50 மீட்டர் வரை நீர் புகாது என்று போட்டிருப்பது புது வாட்சைச் சோதித்த கணக்கு, சோப்பிலும் வெந்நீரிலும் பழகிய சீலுக்கு அது பொருந்தாது. நனைந்துவிட்டால் ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு முறை அலசி, காயும் முன்பே ஒற்றிவிடட்டும்.

டிஸ்டில்டு வாட்டருக்கு எங்கும் அலைய வேண்டாம், இன்வெர்ட்டர் பேட்டரிக் கடையிலேயே கிடைக்கும். அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் விற்பார்கள். லேபிளைப் படித்துவிட்டு வாங்கு.

அன்புடன்,
அண்ணன்