ரோமில் தண்ணீர் போன வழியே ஒரு காலை நடை

ரோம் போகிறவர்கள் கொலோசியத்துக்கு ஒரு நாள், வத்திக்கானுக்கு ஒரு நாள் என்று ஒதுக்கிவிட்டு, நடு நகரத்தை மிச்ச நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த நடு நகரத்துக்கு ஒரு முழுக் காலைப் பொழுதைக் கொடுங்கள். ஸ்பானியப் படிகள், ட்ரெவி நீரூற்று, பாந்தியான், நவோனா சதுக்கம் ஆகிய நான்கும் இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். கூட்டத்தில் சிக்காமல், வீண் செலவில்லாமல் அவற்றைப் பார்க்கச் சில குறிப்புகள்.

1. நடையை ஸ்பானியப் படிகளில் தொடங்குங்கள். நவோனாவில் தொடங்கி எதிர்த்திசையில் வருகிறவர்களும் உண்டு. ஆனால் நான் சொல்லும் திசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. பேரரசர் அகஸ்டஸின் வலதுகையாக இருந்த அக்ரிப்பா, கி.மு. 19-இல் 'அக்வா விர்கோ' என்ற கால்வாயைக் கட்டி முடித்தார். சுமார் 20 கி.மீ. நீளம்; பெரும்பகுதி பூமிக்கடியில்தான் ஓடியது. பிஞ்சோ குன்றின் பக்கமாக நகருக்குள் நுழைந்து, இன்று ட்ரெவி இருக்கும் இடத்தை ஒட்டி, பாந்தியானுக்குப் பின்னால் இருந்த பொதுக் குளியல் மண்டபங்களுக்குப் போனது. அந்த வழியிலேயே நீங்களும் நடக்கிறீர்கள். இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் நான்கு இடங்களும் ஒரே கதையாகக் கோத்து நிற்கும். மெட்ரோ ஏ லைனில் ஸ்பாஞ்ஞா நிலையத்தில் இறங்கினால் படிகள் பக்கத்திலேயே.

2. கோடையில் காலை ஏழு மணிக்கே அங்கே இருங்கள். பத்து மணிக்கு மேல் ட்ரெவி பக்கம் தலைகள்தான் தெரியும்.

3. படிகளில் உட்காராதீர்கள். 2019 முதல் தடை. 400 யூரோ வரை அபராதம் போடலாம். ஏறி இறங்குவதற்குத் தடையில்லை. படிகள் 1720-களில் கட்டப்பட்டவை. கீழே சதுக்கத்தில் பாதி மூழ்கிய படகு வடிவில் ஒரு நீரூற்று இருக்கும். பியேத்ரோ பெர்னினி செய்தது. இந்த இடத்தில் கால்வாய் நீருக்கு அழுத்தம் போதாது, உயரமாகப் பீய்ச்ச முடியாது. அதனால்தான் நீரூற்றைத் தரை மட்டத்துக்குத் தாழ்த்தி, அதையே ஓர் அழகாக்கிவிட்டார். வலப்பக்கம் படிகளை ஒட்டியிருக்கும் வீட்டில்தான் கவிஞர் கீட்ஸ் 1821-இல் இறந்தார். இப்போது அது நினைவு இல்லம்.

4. செருப்பு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். தெருவெல்லாம் கருங்கல் சதுரக் கற்கள் பதித்தது. இடுக்குகளில் குதிகால் மாட்டும். மழை பெய்தால் வழுக்கும். தடித்த அடிப்பாகமுள்ள, பழகிய ஷூ போதும். புது ஷூவை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் போடாதீர்கள். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்குக் கைத்தடி நல்ல துணை.

5. தண்ணீர் பாட்டிலை ஊரிலிருந்தே காலியாக எடுத்துப் போங்கள். ரோம் தெருக்களில் 'நசோனி' எனப்படும் இரும்புக் குழாய்க் கம்பங்கள் 2,000-க்கு மேல் இருக்கின்றன. 1874-இல் வைக்கத் தொடங்கியவை. இராப்பகலாகத் தண்ணீர் ஓடும்; குடிக்கலாம், செலவில்லை. பாட்டில் இல்லாவிட்டால் குழாயின் வாயை விரலால் அடையுங்கள். மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் வளைந்து எழும்பும், அதில் வாய் வைத்துக் குடிக்கலாம். பிள்ளைகளுக்கு இது ஒன்று போதும், நடந்த களைப்பு மறந்துவிடும். பெரிய அலங்கார நீரூற்றுகளின் தொட்டித் தண்ணீரை மட்டும் குடிக்காதீர்கள்.

6. ட்ரெவிக்குப் போகும் வழியில் நசரேனோ தெருவில் நின்று கீழே எட்டிப் பாருங்கள். பேரரசர் கிளாடியஸ் செப்பனிட்ட அக்வா விர்கோவின் கல் வளைவுகள் தெரு மட்டத்துக்குக் கீழே கம்பிவேலிக்குள் தெரியும். பக்கத்தில் ட்ரித்தோனே தெருவிலுள்ள ரினஷெந்தே பல்பொருள் அங்காடியின் அடித்தளத்திலும் அதே கால்வாயின் 60 மீட்டர் துண்டைத் துணிமணிகளுக்கும் பாத்திரங்களுக்கும் நடுவே இலவசமாகப் பார்க்கலாம். கடை திறந்த பிறகுதான் முடியும் என்பதால் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்கும் உதவும் இடம் அது. ரோமில் பொதுக் கழிப்பறைகள் குறைவு.

7. ட்ரெவியில் காசு போடும் முன் சுவரைப் பாருங்கள். 1762-இல் முடிந்த இந்த நீரூற்று 26 மீட்டர் உயரம், 49 மீட்டர் அகலம். நடுவில் நிற்பது சமுத்திர தேவன். எல்லாரும் அவரைப் படமெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். மேலே இரு பக்கமும் இரண்டு புடைப்புச் சிற்பங்கள் உண்டு. இடப்பக்கம் கால்வாய்த் திட்டத்துக்கு அக்ரிப்பா ஒப்புதல் தருகிறார். வலப்பக்கம் ஒரு பெண், தாகத்தோடு வந்த படைவீரர்களுக்கு ஊற்று இருக்கும் இடத்தைக் காட்டுகிறாள். கால்வாய் பிறந்த கதை இந்த இரண்டு சிற்பங்களிலும் இருக்கிறது. வெகு தூரம் வந்தவர்கள் இவற்றைப் பார்க்காமல் திரும்புவது எனக்கு வருத்தமாகவே இருக்கும். வலக்கையால் இடத்தோளுக்கு மேலாகக் காசு எறிவது வழக்கம். அந்தக் காசு காரித்தாஸ் அமைப்பு வழியாக ஏழைகளுக்குப் போகிறது. தொட்டிக்குள் கால் வைத்தால் அபராதம். தொட்டி ஓரம் வரை இறங்குவதற்கு 2024 டிசம்பரில் ஆள் எண்ணிக்கைக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். விதிகள் மாறக்கூடும், முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். சிற்பங்களைப் பார்க்க மேல் சதுக்கமே போதும்.

8. பணம், பாஸ்போர்ட்டைச் சட்டைக்கு உள்ளே வையுங்கள். ட்ரெவி கூட்டத்தில் ஜேப்படிக்காரர்கள் உண்டு. "அன்பளிப்பு" என்று கையில் கயிறு கட்ட வருபவர்களிடமும், ரோஜாப்பூ நீட்டுபவர்களிடமும் கையை நீட்டாமல் நகர்ந்துவிடுங்கள்.

9. கைப்பையில் ஒரு துப்பட்டா அல்லது சால்வை இருக்கட்டும். தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஆண்களுக்கும் இதே விதி. பல தேவாலயங்களை நண்பகலில் சில மணி நேரம் மூடிவிடுவார்கள். காலை நடைக்கு அதுவும் ஒரு காரணம்.

10. ட்ரெவிக்கும் பாந்தியானுக்கும் நடுவே சான்த் இஞாத்சியோ தேவாலயத்துக்குக் கால் மணி நேரம் கொடுங்கள். கட்டணமில்லை. தரையில் பதித்த பளிங்கு வட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கூரையில் ஒரு குவிமாடம் தெரியும். அங்கே குவிமாடமே கிடையாது. ஆந்த்ரேயா போத்சோ 1685-இல் தட்டைத் துணியில் தீட்டிய ஓவியம் அது. வட்டத்தை விட்டு நகர்ந்தால் குவிமாடம் சரியும்.

11. பாந்தியானுக்கு 2023 ஜூலையிலிருந்து நுழைவுக் கட்டணம் உண்டு. முன்பதிவு செய்து ஒன்பது மணி வாக்கில் போனால் வரிசை குறைவு. வாசல் மேலே அக்ரிப்பாவின் பெயர் பொறித்திருக்கும். அவர் கட்டியது எரிந்துபோக, பின்னர் சுமார் கி.பி. 126-இல் பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் எழுந்த கட்டடத்தில் பழைய பெயரையே போட்டார்கள். உள்ளே குவிமாடத்தின் விட்டமும், தரையிலிருந்து அதன் உச்சி உயரமும் ஒன்றே: 43.3 மீட்டர். இரும்புக் கம்பி கலக்காத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றும் இதுதான் உலகிலேயே பெரியது. மேலே போகப் போக எடை குறைந்த எரிமலைக் கல்லைக் கலந்து கட்டியதால் நிற்கிறது. உச்சித் துளை வழியாக மழை உள்ளே விழும். தரையிலுள்ள சிறு துளைகள் வழியே வடியும். மழை நாளில் போகக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். ஓவியர் ரஃபேலின் கல்லறையும் இங்கேதான்.

12. வெளியே வந்து வலப்புறமோ இடப்புறமோ பார்க்காமல் நேராகப் போய்விட வேண்டாம். பின்பக்கம் மினெர்வா சதுக்கத்தில் முதுகில் எகிப்தியத் தூணைச் சுமக்கும் யானை நிற்கிறது. படகு நீரூற்றைச் செய்த பியேத்ரோவின் மகன் ஜான் லொரென்சோ பெர்னினியின் வடிவமைப்பு, 1667. அங்கிருந்து சிறிது தூரத்தில் சம்பெல்லா சந்தில், வீடுகளுக்கு நடுவே அக்ரிப்பாவின் குளியல் மண்டபச் சுவர் அரைவட்டமாக எஞ்சியிருக்கிறது. கால்வாய் நீர் வந்து சேர்ந்த இடம் இது.

13. காபியை நின்றுகொண்டே குடியுங்கள். மேசையில் உட்கார்ந்தால், அதிலும் சதுக்கத்தைப் பார்த்த மேசை என்றால், விலை பல மடங்கு. பல கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, ரசீதைக் கவுண்டரில் காட்ட வேண்டும்.

14. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: பூவைப் பொரித்த பஜ்ஜி என்று வாங்கும் சுக்கினிப் பூவுக்குள் நெத்திலி மீன் வைத்திருப்பார்கள். 'சுப்ளி' என்ற சோற்று உருண்டையில் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு கலந்திருக்கும். பெக்கோரினோ பாலாடைக்கட்டியை ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியால் உறைய வைக்கிறார்கள். எடைபோட்டு வெட்டித் தரும் பீட்சாவில் தக்காளி மட்டும் தடவியதும் உருளைக்கிழங்கு போட்டதும் பொதுவாகச் சரிவரும். "சென்ட்சா கார்னே, சென்ட்சா பேஷே" என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்.

15. நவோனா போகும் வழியில் சான் லுயிஜி தேய் ஃப்ரான்செஸி தேவாலயத்தில் கரவாஜ்ஜோவின் மூன்று பெரிய ஓவியங்களை இலவசமாகப் பார்க்கலாம். விளக்கு எரியப் பெட்டியில் காசு போட வேண்டும், சில்லறை வைத்திருங்கள்.

16. நவோனா நீள்வட்டமாக இருப்பது பேரரசர் தோமிஷியனின் ஓட்டப் பந்தய அரங்கின் மேல் எழுந்ததால். நடுவே 1651-இல் பெர்னினி மகன் முடித்த நான்கு நதிகள் நீரூற்று. நைல், தன்யூப், ரியோ தே லா பிளாத்தாவோடு நம் கங்கையும் இருக்கிறாள். இங்கே தாடி வைத்த ஆணாக, கையில் துடுப்போடு. துடுப்பை வைத்து அடையாளம் காணுங்கள். முகத்தைத் துணியால் மூடியிருப்பது நைல்; அது பிறக்கும் இடம் அன்றைக்கு ஐரோப்பியருக்குத் தெரியாது. இங்கே ஓடுவதும் அக்ரிப்பா கொண்டுவந்த ஊற்றின் நீர்தான். 19-ஆம் நூற்றாண்டு வரை ஆகஸ்ட் மாத வார இறுதிகளில் வடிகாலை அடைத்துச் சதுக்கத்தையே குளமாக்கி மகிழ்ந்தார்கள்.

17. திரும்ப பஸ் ஏற, சதுக்கத்தின் கிழக்கே ரினஷிமெந்தோ சாலைக்கு வாருங்கள். காகித டிக்கெட் என்றால் ஏறியவுடன் இயந்திரத்தில் முத்திரை பதியுங்கள். பதியாவிட்டால், கையில் டிக்கெட் இருந்தாலும் அபராதம்தான்.